கழற்றி வைத்த வேப்பிலை

சலவை இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது சவர்க்கார மணம் அல்ல. மழை விட்ட பிறகு மரத்தடியில் நிற்கும்போது வருவதுபோல, கசப்பும் பச்சையும் கலந்த ஒரு மணம். சிவகலா ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கூடையில் போட்டாள். மகள் லக்சாயினியின் பள்ளிக்கூட உடுப்புகள், கணவன் அருட்செல்வனின் வேலைச் சட்டைகள், மேல்மாடிக் குழந்தை ஆரணனின் சின்னச் சின்னப் பெனியன்கள். கடைசிப் பெனியனுக்குள் ஏதோ விரலில் குத்தியது. விரித்துப் பார்த்தாள். ஒரு வேப்பங்கொத்து.

கொதிநீரில் இவ்வளவு நேரம் சுழன்று வந்த இலைகள் கறுத்துச் சுருண்டிருக்க வேண்டும். இவை சற்று முன்தான் ஒடித்து எடுத்தவைபோல மினுங்கின. காம்பின் நுனியில் பச்சைச் சாறு ஒரு துளி நின்றது.

பூம்ப்ளிஸ் புறநகரில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சலவையறை நிலத்துக்குக் கீழே இருந்தது. யன்னல் கிடையாது. விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணையும். திரும்பவும் அழுத்த வேண்டும். அவள் அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அது அணைந்தது. இருட்டில் குழாய்களின் முனகல், எங்கோ ஒரு தண்ணீர்ச் சொட்டு. அவற்றுக்கு அடியில் வேறொரு சத்தம். மெல்ல, நிதானமாக, உலர்ந்த தோலில் நகம் இழுபடுகிற சத்தம். சர்ர். நின்றது. சர்ர்.

சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள். துணி காயப்போடும் கொடிகள், ஒரு பழைய வாளி. வேறொன்றும் இல்லை. வேப்பங்கொத்தைக் குப்பைக் கூடைக்குள், பஞ்சுத் தூசிக்கு அடியில், ஆழமாக அமத்தி விட்டு மேலே ஏறினாள். கையைக் கழுவிய பிறகும் கசப்பு மணம் போகவில்லை.

வாசலில் மேல்மாடி ஜதுஷன் தன் குழந்தை ஆரணனோடு நின்றான். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் அவனுக்குப் பின்னேர வேலை. ஆரணன் பிறந்த நாள் முதல் அவன் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் குழந்தை சிவகலாவின் வீட்டில்தான்.

“அக்கா, என்ரை துரைக்கு இண்டைக்குச் சரியான சிணுங்கல். பல்லுப் போலை.”

“வரட்டும், வரட்டும். தகப்பன்ரை சமையலைக் கடிக்கிறதெண்டா நல்ல பல்லாத்தான் வேணும்.”

“வெள்ளையள் காசு குடுத்துச் சாப்பிடுகினம். உங்களுக்குத்தான் எப்பவும் நக்கல்.”

அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கேட்க நினைக்கவில்லை; வாய் தானாகக் கேட்டது.

“தம்பி, கீழை துணியோடை வேப்பிலை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு எண்டு வாங்கினீரோ?”

“வேப்பிலையோ? திவசத்துக்கு ஆரக்கா வேப்பிலை வாங்கிறது?” என்று அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு முகத்திலேயே வாடியது. ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி கஜலக்சுமியின் முதலாம் ஆண்டுத் திவசம்.

சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டியபடி அவன் சொன்னான். “நான் இப்பவும் ஸ்டேஷனுக்கு நடந்துதான் போறன் அக்கா. டிராமிலை ஏறினா எல்லாற்றை முகத்தையும் பாக்கச் சொல்லுது. ஆரோ ஒரு ஆள், தன்ரை பிள்ளைக்குத் தொத்து வருத்தமெண்டு தெரிஞ்சும் அந்தப் பிள்ளையைக் கொண்டு டிராமிலை ஏறியிருக்கு. அவள் பக்கத்திலை இருந்திருக்கிறாள். ஒருநாள் அந்த ஆளைக் காணவேணும். அடிக்கிறதுக்கில்லை. ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கவேணும். அவ்வளவுதான்.”

சிவகலாவின் வாய் திறந்தது. தொண்டைக்குள் ஒரு சொல் மேலே வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றது.

“நேரம் போகுது, வெளிக்கிடும்,” என்றாள்.

அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவள் கதவோடு நின்றாள். எதிர்வீட்டு ஃபிராவ் கெர்பரின் கதவில், கிறிஸ்துமஸுக்கு முன் மாட்டும் அட்வென்ட் வளையம் தொங்கியது: பச்சைத் தேவதாருக் கிளை, சிவப்பு நாடா. போன வருடமும் இதே வளையம்தான். அப்போது அதற்கு நேர் எதிரே, சிவகலாவின் கதவில், வேப்பிலை தொங்கியது. ஒரே ஒரு காலை நேரம்.

லக்சாயினியின் வயிற்றில் முதல் கொப்பளத்தைக் கண்ட அன்று, மாமி ஊரிலிருந்து தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மாள் வந்திருக்கிறா, பேர் சொல்லாதே, மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்காதே, உடம்பு கடித்தால் வேப்பிலையால் தடவிவிடு, நகம் படவிடாதே, தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வாசலில் வேப்பிலை கட்டி வை. சிவகலா தமிழ்க் கடையில் வேப்பிலை வாங்கி வந்து கட்டினாள். ஃபிராவ் கெர்பர் படியில் நின்று “அழகாய் இருக்கிறது, என்ன பண்டிகை?” என்று டொச் மொழியில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சிவகலாவுக்கு முகம் சூடாகிவிட்டது. என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால்? ஆட்கள் வேறு மாதிரிப் பார்த்தால்? கதவைச் சாத்துவதற்கு முன் அந்தக் கொத்தைக் கழற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோய் மாட்டினாள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் வாசல் மணி அடித்தது. இரண்டு சின்ன அழுத்தல், ஒட்டி ஒட்டி. கஜலக்சுமி அப்படித்தான் அடிப்பாள். கலியாணம் முடித்து ஊரிலிருந்து வந்து கொஞ்சக் காலம். டொச் வகுப்பு, வயிற்றில் பிள்ளை, நாள் முழுக்கத் தனிமை. கீழே வந்து சிவகலாவின் குசினியில் இருந்து கதை அளப்பதுதான் அவளுக்கு ஆறுதல். சிவகலாவுக்கும் அப்படித்தான், கூடப்பிறந்த தங்கை இல்லாத குறை அந்தப் பெண்ணால் தீர்ந்திருந்தது. உள்ளறையில் லக்சாயினி அனுங்குவது கேட்டு அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“பிள்ளைக்கு என்னக்கா?”

“சும்மா காய்ச்சல்தான். பயப்படாதை. உள்ளுக்கு வா.”

ஊரில் வளர்ந்தவள், சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும் என்று நினைத்தாள். பிள்ளை வேறு அறையில்தானே என்று நினைத்தாள். அவள் ஆசைப்பட்ட கத்தரிக்காய்ப் பால்கறி சூடாக இருக்கிறது, திருப்பி அனுப்பினால் பாவம் பட்டினி கிடப்பாள் என்றும் நினைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில், அன்று தனக்கும் ஒரு துணை வேண்டியிருந்தது. “ஏனக்கா மரக்கறி? வெள்ளிக்கிழமைகூட இல்லையே,” என்று கஜலக்சுமி சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். கதவில் அந்த இலையைக் கண்டிருந்தால் அவள் ஒரு வார்த்தை கேட்காமல் படியோடு திரும்பியிருப்பாள். ஊர்ப்பிள்ளை. அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இரண்டு கிழமையில் அவள் உடம்பெல்லாம் பூத்தது. பிறகு நெஞ்சுக்குள் இறங்கியது. பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். அவள் குழாய்களுக்கு நடுவில் சொறிய முடியாதபடி கைகள் கட்டப்பட்டுக் கிடந்து போனாள். தொற்றிய உடனேயே தெரிந்திருந்தால் போட ஓர் ஊசி இருந்தது என்று டொக்டர் ஜதுஷனிடம் சொன்னார். அருகில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா என்று கேட்டார். ஜதுஷன் வந்து சிவகலாவிடம் கேட்டான். அவள் இல்லை என்றாள். அருட்செல்வன் ஒருநாள் படுக்கையில் மெல்லக் கேட்டான்: “லக்சாவுக்கு இருந்த நாளிலை அவள் இஞ்சை வரேல்லைத்தானே?” அவள் இருட்டைப் பார்த்தபடி, “வரேல்லை,” என்றாள். அவன் அவள் தலையைத் தடவினான். அந்தத் தடவல் இன்றுவரை அவள் தலையில் பாரமாக இருந்தது.

இன்று நாலு மணிக்கே பொழுது இருண்டது. மூடுபனி யன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாகத் தின்றது. ஆரணன் வழக்கமாக விளையாடும் கரண்டியைத் தள்ளிவிட்டான். கன்னம் இளஞ்சூடாக இருந்தது. பல்லுத்தான் என்று சொல்லிக்கொண்டு அவனைத் தொட்டிலில் கிடத்தினாள். அவன் உறங்கிய பிறகு வீட்டில் குளிர்ப்பெட்டியின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

சர்ர்.

கத்தி நின்றது. சத்தம் மேலே இருந்து வந்தது. ஜதுஷனின் வீடு. அங்கே யாருமில்லை. கட்டடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதுபோல அது கூரையில் நகர்ந்தது. கஜலக்சுமியின் கட்டில் இருந்த அறையிலிருந்து குளியலறைப் பக்கம். வெப்பக் குழாய் சூடேறும்போது இப்படித்தான் சத்தம் வரும். அவளுக்குத் தெரியும். ஆனால் வெப்பக் குழாய் இடையில் நின்று மூச்சு விடாது.

தொலைபேசி அடித்தது. அருட்செல்வன். ஒய்ரோப்பாபிளாட்ஸில் தமிழ் வகுப்பு வாசலில் மகளுக்காகக் காத்து நின்றான்.

“கலா, ரோல்ஸ் சூடாப் போட்டிருக்கினம். வாங்கி வரட்டோ, இல்லாட்டி மனுசி சமைச்சு வைச்சுக்கொண்டு சண்டைக்கு வருவாவோ?”

“வாங்கி வாங்கோ.”

“என்ன இது, சொன்னவுடனை ஓமெண்டுறாய்? சுகமில்லையோ? குரலும் ஒரு மாதிரி இருக்கு.”

“இஞ்சாருங்கோ...” என்றாள். மேலே சத்தம் நின்றிருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல நின்றிருந்தது. “உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும். வாங்கோ. கெதியா வாங்கோ.”

“கதைப்பம். என்னெண்டாலும் கதைப்பம். வாறன்.”

அந்த அன்பான குரல் போன பிறகு அவளுக்குக் கொஞ்சம் துணிவு வந்தது. சொல்லிவிடுவாள். இன்றைக்கே. முதலில் இவரிடம், பிறகு இருவருமாகச் சேர்ந்து ஜதுஷனிடம். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பிறகு ஒருநாளும் இந்தக் கதவில் மணி அடிக்க மாட்டான். ஒரு வருடமாக அவள் தோளில் உறங்கிய பிள்ளை. அவளைப் பார்த்து முதலில் சிரித்த பிள்ளை. திவசம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று மனம் மெல்லப் பின்வாங்கியது. பாவம், அவன் இந்தக் கிழமை ஏற்கெனவே நொந்து கிடக்கிறான்.

ஆரணன் அனுங்கினான்.

அந்த அனுங்கலை அவளுக்குத் தெரியும். லக்சாயினி அனுங்கியது இப்படித்தான்.

அறைக்குள் போனாள். குழந்தை கண்ணை மூடியபடி தலையை அங்குமிங்கும் உருட்டியது. நெற்றி கொதித்தது. பெனியனை உயர்த்தி வயிற்றைப் பார்த்தாள். வெறும் சிவப்பு, போர்வையின் சூடாக இருக்கலாம். சின்னக் கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளங்கையில் ஒரு வேப்பிலை. பச்சையாக.

அதை அவள் யன்னலைத் திறந்து வெளியே எறிந்தாள். மூடுபனி உள்ளே எட்டிப் பார்த்தது. குளிர் வந்தது. குளிரோடு மஞ்சள் மணமும் வந்தது, தண்ணீரில் கரைத்த மஞ்சள். லக்சாயினிக்கு முதல் தண்ணீர் வார்த்த காலையில் வீடெல்லாம் இருந்த மணம். அன்று பிள்ளை தொட்டிக்குள் முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். சிவகலா செம்பால் வார்த்தாள். வருத்தம் இறங்கிப் போனது. கஜலக்சுமிக்கு யாரும் வார்க்கவில்லை. அவளை வார்க்காமலே கொண்டுபோய் எரித்தார்கள்.

யன்னலைச் சாத்தினாள். டொக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கேட்பார்கள். முன்பு இந்த வீட்டில் யாருக்காவது? தொலைபேசியைக் கையில் எடுத்தாள். வைத்தாள். இவர் வரட்டும். இவர் வந்த பிறகு.

மணி அடித்தது.

இரண்டு சின்ன அழுத்தல். ஒட்டி ஒட்டி.

ஜதுஷன் ஒரே அழுத்தாக நீளமாக அடிப்பான். அருட்செல்வனிடம் திறப்பு இருக்கிறது. ஃபிராவ் கெர்பர் கதவைத் தட்டுவார்.

அவள் நடைக்கு வந்தாள். கதவின் அடியில் படிக்கட்டு வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டை இரண்டு நிழல்கள் வெட்டின. இரண்டு பாதங்கள்.

“அக்கா.”

நல்ல குரல். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. மாடியேறி மூச்சு வாங்கும், வயிற்றில் பிள்ளை சுமக்கும் பெண்ணின் குரல்.

“பிள்ளைக்கு என்னக்கா?”

சொல். சிவகலா தன்னையே கெஞ்சினாள். சொல்லிவிடு. ஒரே சொல். கதவுக்கு வெளியே நிற்கட்டும். போகட்டும். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல். அந்தச் சொல் தொண்டையில் வந்து வழக்கமான இடத்தில் நின்றது.

“சும்மா... சும்மா காய்ச்சல்தான்,” என்றது அவள் வாய்.



பிறகு, மிக மெல்ல, “அப்ப உள்ளுக்கு வரட்டோ?”

அவள் கையால் வாயைப் பொத்தினாள். இந்த முறை வா என்று சொல்லவில்லை. சொல்லவே இல்லை. கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். வெறும் படிக்கட்டு. எதிர்க் கதவில் அட்வென்ட் வளையம். யாருமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டு விளக்கு அணைந்தது.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், தண்ணீர்க் குழாய் திறந்தது.

திரும்பினாள். அறைக் கதவு திறந்திருந்தது. தொட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. தாய் மடிப்பதுபோல, நாலு மூலையும் சேர்த்து.

பிள்ளை இல்லை.

குளியலறையில் வெளிச்சம் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. மஞ்சள் மணம். கசப்பு மணம். தண்ணீர் விழும் சத்தம். சர்ர். சர்ர். அதோடு சேர்ந்து ஆரணனின் சிரிப்பு. கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

கால் போனது. அவள் போகச் சொல்லவில்லை. போனது.

தொட்டிக்குள் ஒருத்தி முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். கூந்தல் முன்பக்கம் போடப்பட்டிருந்தது, தண்ணீர் வார்க்க வசதியாக. முதுகு முழுவதும் கொப்பளம். காய்ந்தவை. காயாதவை. தண்ணீர் அவளைச் சுற்றி நிறைந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் உடம்பில் ஒரு துளியும் ஒட்டவில்லை. உலர்ந்த முதுகு. வார்க்காத முதுகு. மணிக்கட்டுகளில் கட்டின தடம்.

மடியில் ஆரணன். வெறும் மேல். தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அவள் கையில் வேப்பங்கொத்து. அதால் பிள்ளையின் நெஞ்சை நோகாமல் தடவினாள். இலை போன வழியில், தண்ணீர்த் துளிபோல, ஒரு கொப்பளம் எழும்பியது. இன்னொரு தடவல். இன்னொன்று.

“கஜா...” சிவகலாவுக்கு மூச்சுத்தான் வந்தது. “பிள்ளைக்கு... பிள்ளைக்கு என்ன?”

தலை திரும்பவில்லை. கை நிற்கவில்லை.

“சும்மா காய்ச்சல்தான் அக்கா. பயப்படாதையுங்கோ.”

கீழே படியில் காலடிகள். கணவனின் சப்பாத்து. மகளின் துள்ளல். படிக்கட்டு விளக்குப் போடும் சத்தம். பிறகு கதவுக்கு வெளியே, தெளிவாக, லக்சாயினியின் குரல்.

“அப்பா, இஞ்சை பாருங்கோ. அம்மா ஏன் கதவிலை வேப்பிலை கட்டியிருக்கிறா?”

வராதையுங்கோ. உள்ளுக்கு வராதையுங்கோ. சிவகலா கத்தினாள். வாய் திறந்திருந்தது. தொண்டை திறந்திருந்தது. சொல் வரவில்லை. வழக்கமான இடத்தில் நின்றது.

திறப்புப் பூட்டுக்குள் திரும்பியது.

தொட்டிக்குள் இருந்த கை, பிள்ளையின் கழுத்திலிருந்து கன்னத்துக்கு, நிதானமாக, இலையை நகர்த்தியது. பிள்ளை சிரித்தது.